வரைபடத்தில் லெஜண்ட் எழுத்து அளவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தானில் மேட்பிளாட்லிப் கொண்டு வரைபடம் போடுகிற மாணவர்களும் அலுவலக நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது லெஜண்டைப் பற்றித்தான். எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் அந்தச் சின்னப் பெட்டியின் எழுத்து ஒன்று பொடியாக இருக்கும், இல்லையென்றால் படத்தையே மறைக்கும். ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நாளன்று காலையில்தான் இந்தப் புகார் அதிகம் வரும்.

கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ‘ஆக்ஸ்’ என்றால் ஒரு தனி வரைபடம், ‘ஃபிக்’ என்றால் அது உட்கார்ந்திருக்கும் முழுப் படம்.

லெஜண்ட் எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு. எங்கே மாத்துறது?

லெஜண்டை அழைக்கும் வரியிலேயே: ஆக்ஸ்.லெஜண்ட்(ஃபாண்ட்சைஸ்=14). பிஎல்டி.லெஜண்ட் என்று எழுதிப் பழகியவர்களுக்கும் இதேதான். எண் பாயிண்ட் கணக்கில் போகும். எதுவும் சொல்லாவிட்டால் 10 பாயிண்டில் வரும்.

எண்ணுக்குப் பதிலா ‘லார்ஜ்’னு எழுதியிருக்காங்களே, அது எவ்வளவு?

அது ‘ஃபாண்ட்.சைஸ்’ என்ற அடிப்படை அளவோடு ஒப்பிட்ட அளவு. ‘மீடியம்’ என்றால் அடிப்படை அளவேதான். அங்கிருந்து ஒவ்வொரு படி ஏறும்போதும் 1.2 மடங்கு: ‘லார்ஜ்’ 1.2, ‘எக்ஸ்-லார்ஜ்’ 1.44, ‘எக்ஸ்எக்ஸ்-லார்ஜ்’ 1.728. இறங்கும்போதும் அதே விகிதம், ‘ஸ்மால்’ 0.833. அடிப்படை 10 என்றால் ‘லார்ஜ்’ 12 பாயிண்ட்.

இதில் ஒரு வசதி உண்டு. அடிப்படை அளவை ஓரிடத்தில் மாற்றினால் லெஜண்டும் கூடவே மாறும். எண்ணாகக் கொடுத்தால் மற்றது எல்லாம் வளர்ந்தாலும் அது அப்படியே நிற்கும். ஒரே ஒரு படம் என்றால் எண்ணே போதும்.

பெயரெல்லாம் பெரிசாச்சு, லெஜண்டோட தலைப்பு மட்டும் பழைய அளவிலேயே நிக்குது.

‘ஃபாண்ட்சைஸ்’ உள்ளே இருக்கும் பெயர்களுக்கு மட்டும்தான். தலைப்புக்குத் தனியாக ‘டைட்டில்_ஃபாண்ட்சைஸ்’ கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தலைப்பு அடிப்படை அளவில் நிற்கும். பெயர் 14, தலைப்பு 10 என்று தலைகீழாகத் தெரியும்.

படத்தை வேற ஒருத்தர் எழுதின ஃபங்ஷன் வரைஞ்சு தருது. வரைஞ்சு முடிஞ்ச லெஜண்டை மாத்த முடியுமா?

முடியும். ஆக்ஸ்.கெட்_லெஜண்ட்() என்று அதைக் கையில் எடுத்து, அதன் கெட்_டெக்ஸ்ட்ஸ்() தரும் ஒவ்வொரு எழுத்துக்கும் செட்_ஃபாண்ட்சைஸ்(14) போடுங்கள். தலைப்புக்கு கெட்_டைட்டில்().செட்_ஃபாண்ட்சைஸ்(14).

ஆனால் இதில் ஒரு குறை. வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, கோட்டு மாதிரியின் நீளம் எல்லாம் லெஜண்ட் உருவானபோது இருந்த எழுத்து அளவை வைத்துக் கணக்கிடப்பட்டவை. பிறகு எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் இடைவெளி பழையபடியே இருக்கும், நெருக்கடியாகத் தெரியும். 10-ஐ 12 ஆக்குவதற்கு இது போதும். 10-ஐ 18 ஆக்க வேண்டுமென்றால் ஆக்ஸ்.லெஜண்ட்(ஃபாண்ட்சைஸ்=18) என்று புதிதாகவே அழைத்துவிடுங்கள். பழையது போய்ப் புதியது வரும்.

கெட்_லெஜண்ட்() ‘நன்’ என்று வெறுங்கையை விரித்தால், லெஜண்ட் ஆக்ஸில் இல்லாமல் முழுப் படத்தின் மேல் இருக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஃபிக்.லெஜண்ட்ஸ் என்ற பட்டியலில் தேடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியா எழுதணுமா?

வேண்டாம். நிரலின் தொடக்கத்தில் ஆர்சிபாராம்ஸ் என்ற அமைப்பில் ‘லெஜண்ட்.ஃபாண்ட்சைஸ்’ 12 என்று ஒரு முறை வையுங்கள். தலைப்புக்கு ‘லெஜண்ட்.டைட்டில்_ஃபாண்ட்சைஸ்’. வரைவதற்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது முக்கியம். வரைந்து முடித்த பிறகு வைத்துவிட்டு “மாறவே இல்லை” என்று வருபவர்கள் நிறையப் பேர். ஒரே ஒரு படத்துக்கு மட்டும் வேறு அமைப்பு தேவைப்பட்டால் ஆர்சி_கான்டெக்ஸ்ட் என்ற வசதிக்குள் அந்தப் படத்தை வரையலாம். வெளியே வந்ததும் பழைய அமைப்பு திரும்பிவிடும்.

14 வச்சேன், 20 வச்சேன். ரிப்போர்ட்ல ஒட்டினா பொடியாவேதான் இருக்கு. என்ன பண்றது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பாயிண்ட் என்பது ஓர் அங்குலத்தில் 72-ல் 1 பங்கு. மேட்பிளாட்லிப் அதைப் படத்தின் சொந்த அகலத்தோடு சேர்த்துப் பார்க்கும். நீங்கள் அந்தப் படத்தை ரிப்போர்ட்டில் எவ்வளவு சுருக்கி ஒட்டப்போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் சொல்லும் ‘ஃபிக்சைஸ்’-இல் அகலம் 12 அங்குலம் என்று வரைந்துவிட்டு வேர்டில் 6 அங்குல அகலத்தில் ஒட்டினால் எல்லாம் பாதியாகும். 10 பாயிண்ட் 5 ஆகிவிடும். எழுத்தை 20 ஆக்கினால் தாளில் 10 கிடைக்கும், சரி. ஆனால் எக்ஸ், ஒய் அச்சுகளில் உள்ள எண்கள், அச்சுப் பெயர்கள், கோட்டின் தடிமன் எல்லாமே பாதியாகத்தான் இருக்கும். அவற்றையும் ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டு போக வேண்டும்.

அதனால் எண்ணைத் தொடுவதற்கு முன் அகலத்தைப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். இரு பக்கமும் ஓர் அங்குலம் விளிம்பு போனால் மீதி 6.27. ‘ஃபிக்சைஸ்’ (6.27, 4) என்று வைத்து, படத்தைச் சுருக்காமல் நீட்டாமல் ஒட்டுங்கள். இப்போது நீங்கள் எழுதிய 10, தாளிலும் 10 தான். அளவே சொல்லாமல் விட்டால் படம் 6.4 அங்குல அகலம், 4.8 உயரத்தில் வரும். ஏ4 தாளுக்கு அது ஏறக்குறையப் பொருந்திவிடும். படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று ‘ஃபிக்சைஸ்’ 16, 20 என்று வைக்கும் பழக்கம்தான் இந்தக் குழப்பம் எல்லாவற்றுக்கும் வேர்.

அப்போ டிபிஐ 300 வச்சா எழுத்து பெரிசாகாதா?

ஆகாது. டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு. 10 பாயிண்ட் எழுத்து 100 டிபிஐயில் சுமார் 14 பிக்சல், 300 டிபிஐயில் சுமார் 42 பிக்சல். ஆனால் படத்தின் அகலமும் 640 பிக்சலிலிருந்து 1920 ஆகியிருக்கும். விகிதம் அதேதான். கணினித் திரையில் முழு அளவில் திறந்து பார்க்கும்போது பெரிதாகத் தெரிவது கண்ணை ஏமாற்றும். டிபிஐ கூடினால் கூர்மை கூடும், அவ்வளவுதான்.

ப்ரொஜெக்டர்ல காட்டணும். எவ்வளவு வைக்கலாம்?

பவர்பாயிண்டின் அகலமான ஸ்லைடு 13.33 அங்குலம். 6.4 அங்குல அகலம், 3.6 உயரத்தில் வரைந்த படத்தை ஸ்லைடு முழுக்க இழுத்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் பெரிதாகும். 10 பாயிண்ட் 21 போலத் தெரியும். கடைசி வரிசைக்கு அது போதும். பாதி ஸ்லைடில் மட்டும் வைப்பதாக இருந்தால் அந்தப் பெருக்கம் கிடைக்காது, அப்போது 16 முதல் 18 வரை வையுங்கள்.

ஆய்விதழுக்கு அனுப்பணும். 7 பாயிண்டுக்கு மேல போகக் கூடாதுங்கறாங்க, இது நியாயமா?

நேச்சர் இதழ் படங்களுக்குள் இருக்கும் எழுத்து 5 முதல் 7 பாயிண்டுக்குள் இருக்கச் சொல்கிறது. அது அச்சாகும் இறுதி அளவில் உள்ள கணக்கு. ஒரு பத்தி அகலம் 89 மில்லிமீட்டர், அதாவது 3.5 அங்குலம், இரண்டு பத்தி 183. ‘ஃபிக்சைஸ்’ அகலத்தை 3.5 என்று வைத்து லெஜண்டுக்கு 6 அல்லது 7 கொடுத்தால் வேலை முடிந்தது. 10 அங்குலத்தில் வரைந்துவிட்டு 7 பாயிண்ட் வைத்தால் அச்சில் அது 2.5-க்குக் கீழே போய்விடும். 7 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கையில் பிடித்துப் படிக்கும் தாளில் அது நன்றாகவே தெரியும்.

எழுத்தைப் பெரிசாக்கினா பெட்டி கோட்டை மறைக்குது. வெளியே தள்ளினா ஓரம் வெட்டுப்படுது.

லெஜண்டுக்குள் இருக்கும் இடைவெளிகள் எல்லாம் எழுத்து அளவின் மடங்குகள். கோட்டு மாதிரியின் நீளம் 2 மடங்கு, வரிகளுக்கு நடுவே 0.5, நெடுவரிசைகளுக்கு நடுவே 2. எழுத்து வளர்ந்தால் இவை எல்லாம் சேர்ந்தே வீங்கும். எழுத்தைக் குறைக்காமல் இவற்றைக் குறைத்துப் பாருங்கள்: ‘ஹேண்டில்லெங்த்’ 1.2, ‘லேபிள்ஸ்பேஸிங்’ 0.3. பெட்டி நன்றாகவே ஒடுங்கும். நெடுவரிசை எண்ணிக்கையான ‘என்கால்ஸ்’ 2 அல்லது 3 கொடுத்துப் படுக்கை வாட்டத்தில் பரப்பலாம், 3.6-க்கு முந்தைய பதிப்பில் அதற்குப் பெயர் ‘என்கால்’.

வெளியே வைக்க, பெட்டியின் எந்த மூலை என்று சொல்லும் ‘லாக்’ என்பதை ‘அப்பர் லெஃப்ட்’ என்றும், அந்த மூலை நிற்கும் இடத்தைச் சொல்லும் ‘பிபாக்ஸ்_டு_ஆங்கர்’ (1.02, 1) என்றும் கொடுப்பது வழக்கம். ஓரம் வெட்டுப்படாமல் இருக்க இரண்டு வழி. சேமிக்கும்போது ‘பிபாக்ஸ்_இஞ்சஸ்’ ‘டைட்’ கொடுக்கலாம். ஆனால் அது லெஜண்டையும் சேர்த்துப் படத்தின் அகலத்தையே மாற்றிவிடும். 6.27 என்று நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த அகலம் 7.5 ஆகி, ரிப்போர்ட்டில் ஒட்டும்போது மறுபடி சுருங்கி, மேலே சொன்ன தொல்லை திரும்ப வரும்.

படத்தை உருவாக்கும்போதே ‘லேஅவுட்’ ‘கன்ஸ்ட்ரெய்ண்ட்’ என்று கொடுப்பதுதான் என் தேர்வு. மொத்த அகலம் மாறாது. லெஜண்டுக்கு இடம் விட்டு வரைபடம் தன்னைக் குறுக்கிக்கொள்ளும்.

எழுத்து பெரிசாச்சு, பக்கத்துல இருக்கிற புள்ளி மட்டும் எறும்பு மாதிரி இருக்கு.

‘மார்க்கர்ஸ்கேல்’ 2 அல்லது 3 கொடுங்கள். வரைபடத்தில் உள்ள புள்ளிகள் மாறாது, லெஜண்டில் இருப்பவை மட்டும் வளரும். கோடு மெலிதாக இருந்தால் லெஜண்டின் கெட்_லைன்ஸ்() வழியாக ஒவ்வொன்றுக்கும் செட்_லைன்விட்த்.

பாண்டாஸ்ல டிஎஃப்.பிளாட்(ஃபாண்ட்சைஸ்=14) கொடுத்தேன். அச்சுல இருக்கிற எண்தான் பெரிசாச்சு, லெஜண்ட் அசையல.

பாண்டாஸ் என்ற தரவு அட்டவணை நூலகத்தில் ‘ஃபாண்ட்சைஸ்’ என்பது அச்சில் உள்ள எண்களுக்குத்தான். பெயர் ஒன்று, வேலை வேறு. டிஎஃப்.பிளாட்() ஓர் ஆக்ஸைத் திருப்பித் தரும். அதை ஒரு மாறியில் பிடித்து, முதல் விடையில் சொன்னபடி ஆக்ஸ்.லெஜண்ட்(ஃபாண்ட்சைஸ்=14) போடுங்கள்.

சீபார்ன்ல அதே மாதிரி ஆக்ஸ்.லெஜண்ட் போட்டேன், தலைப்பு காணாமப் போச்சு.

மேட்பிளாட்லிப்பின் மேல் கட்டப்பட்ட நூலகமான சீபார்ன் தன் லெஜண்டைத் தானே கட்டுகிறது. நீங்கள் மறுபடி அழைக்கும்போது மேட்பிளாட்லிப் தன் கணக்கில் ஒன்றைப் புதிதாகக் கட்டும். தலைப்பு விழுந்துவிடும், சில வரைபடங்களில் குறியீடுகளும் மாறிவிடும். இதற்காகவே 0.11.2 பதிப்பில் மூவ்_லெஜண்ட் வந்தது. பெயர் ‘நகர்த்து’ என்றாலும் அது லெஜண்டைப் பழைய விவரங்களோடு திரும்பக் கட்டுகிறது, அதனால் எழுத்து அளவையும் ஏற்றுக்கொள்ளும்: எஸ்என்எஸ்.மூவ்_லெஜண்ட்(ஆக்ஸ், ‘பெஸ்ட்’, ஃபாண்ட்சைஸ்=12, டைட்டில்_ஃபாண்ட்சைஸ்=13). இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. ரெல்பிளாட், கேட்பிளாட் போன்றவை ஆக்ஸுக்குப் பதிலாக ஒரு கிரிட்டைத் தரும். ஆக்ஸ் இருக்கும் இடத்தில் அந்தக் கிரிட்டையே கொடுங்கள்.

மொத்தமாகப் பெரிதாக்க செட்_கான்டெக்ஸ்ட் உண்டு. ‘நோட்புக்’ இயல்பு அளவு. ‘பேப்பர்’ அதில் 0.8, ‘டாக்’ 1.5, ‘போஸ்டர்’ 2 மடங்கு. இவை கோட்டின் தடிமனையும் சேர்த்து மாற்றும். எழுத்து மட்டும் வேண்டுமென்றால் ‘ஃபாண்ட்_ஸ்கேல்’.

ஃபாண்ட்சைஸ் கொடுத்தும் ஒண்ணுமே நடக்கல. பக்கத்துல ‘ப்ராப்’னு ஒண்ணு இருக்கு, அது காரணமா?

அதுவேதான். ‘ப்ராப்’ எழுத்துரு விவரங்களை மொத்தமாகச் சொல்வது. அது இருந்தால் ‘ஃபாண்ட்சைஸ்’ கண்டுகொள்ளப்படாது, பிழைச் செய்தியும் வராது. அளவை ‘ப்ராப்’புக்குள்ளேயே ‘சைஸ்’ என்று போடுங்கள்.

லெஜண்ட்ல தமிழ்ப் பெயர் போட்டா கட்டம் கட்டமா வருது. அளவை மாத்தினா சரியாகுமா?

இது அளவால் வருவது அல்ல. மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவை நிறுவி ‘ஃபாண்ட்.ஃபேமிலி’ பட்டியலில் டெஜாவுக்கு அடுத்ததாகச் சேருங்கள், 3.6 பதிப்பிலிருந்து முதல் எழுத்துருவில் இல்லாத எழுத்தை அடுத்ததில் தேடும். ‘ப்ராப்’ வழியாக எழுத்துருக் கோப்பைக் கொடுப்பவர்கள் மேலே உள்ள விடையை நினைவில் வைத்து அளவையும் அதற்குள்ளேயே சொல்லுங்கள்.

கட்டம் போன பிறகு அடுத்த தொல்லை தெரியும். கெ, கே, கை என்று எழுதினால் முன்னால் வர வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பலரும் பயன்படுத்தும் பதிப்புகளில் மேட்பிளாட்லிப் எழுத்துகளை வந்த வரிசையிலேயே வரைகிறது; இந்திய எழுத்துகளுக்குத் தேவையான ஒழுங்கமைப்பைச் செய்வதில்லை. எந்த எழுத்துருவை மாற்றினாலும் இது தீராது.

எனக்குத் தெரிந்து எளிய வழி, ஆர்சிபாராம்ஸில் ‘எஸ்விஜி.ஃபாண்ட்டைப்’ என்பதை ‘நன்’ என்ற சொல்லாக வைத்து எஸ்விஜி கோப்பாகச் சேமிப்பது. அப்போது எழுத்து எழுத்தாகவே கோப்புக்குள் போகும். திறக்கும் பிரவுசரோ இன்க்ஸ்கேப்போ அதைச் சரியாக வரிசைப்படுத்திக் காட்டும். பெட்டியின் அகலம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்குச் சற்று இடம் விட்டு வையுங்கள். லேடெக் பழகியவர்கள் பிஜிஎஃப் வழியாக ஸீலேடெக்கிடம் எழுத்தை ஒப்படைக்கலாம்.

ஆர்ல ஜிஜிபிளாட்2. தீம்ல சைஸ் மாத்தியும் பழையபடியே இருக்கு.

ஜிஜிபிளாட்2 என்பது ஆர் மொழியின் வரைபட நூலகம். அதில் தீம்(லெஜண்ட்.டெக்ஸ்ட் = எலிமெண்ட்_டெக்ஸ்ட்(சைஸ் = 12)) என்பதற்குப் பிறகு தீம்_பிடபிள்யு() போன்ற முழுத் தீம் ஒன்றைச் சேர்த்திருப்பீர்கள். பின்னால் வருவது முன்னால் சொன்னதை அழித்துவிடும். வரிசையை மாற்றுங்கள். இயல்பாக அடிப்படை அளவு 11, லெஜண்ட் எழுத்து அதில் 0.8 பங்கு, அதாவது 8.8 பாயிண்ட், பொடியாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று: ஜியோம்_டெக்ஸ்டில் வரும் ‘சைஸ்’ மில்லிமீட்டர் கணக்கு, தீமில் வருவது பாயிண்ட். இரண்டிலும் 12 என்று எழுதினால் முதலாவது 34 பாயிண்ட் ஆகி நிற்கும்.

பிளாட்லியிலயும் இதே பாயிண்ட் கணக்குதானா?

இல்லை, பிரவுசரில் படம் காட்டும் நூலகமான பிளாட்லியில் பிக்சல். ஃபிக்.அப்டேட்_லேஅவுட்(லெஜண்ட்_ஃபாண்ட்_சைஸ்=14) என்று மாற்றலாம்; இயல்பு அளவு 12. பிரவுசரில் படம் விரிந்தாலும் சுருங்கினாலும் எழுத்து 12 பிக்சலிலேயே நிற்கும், அதனால் கைபேசியில் லெஜண்ட் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்வது சகஜம். அங்கே ‘ஓரியண்டேஷன்’ ‘ஹெச்’ கொடுத்துப் படுக்கையாகக் கீழே போட்டுவிடுங்கள். கோப்பாகச் சேமிக்கும்போது வரும் ‘ஸ்கேல்’, டிபிஐ பற்றிச் சொன்னது போலத்தான்: கூர்மை கூடும், விகிதம் மாறாது.

சார்ட்.ஜேஎஸ்க்கு நெட்ல பார்த்த விடையை அப்படியே போட்டேன். எர்ரரும் வரல, மாற்றமும் இல்ல.

சார்ட்.ஜேஎஸ் என்ற இணையப் பக்க வரைபட நூலகத்தின் பழைய 2-ஆம் பதிப்புக்கான விடையைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஆப்ஷன்ஸ்.லெஜண்ட்.லேபிள்ஸ்.ஃபாண்ட்சைஸ். 2021-ல் வந்த 3-ஆம் பதிப்பிலிருந்து ஆப்ஷன்ஸ்.பிளகின்ஸ்.லெஜண்ட்.லேபிள்ஸ்.ஃபாண்ட்.சைஸ். தெரியாத அமைப்பை அது சத்தமில்லாமல் தள்ளிவிடும்.

நிரல் தினமும் தானா படம் போடுது. ஒரு நாள் 3 பேர், ஒரு நாள் 25 பேர். ஒரே ஃபாண்ட்சைஸ் எப்படிப் பொருந்தும்?

பெயர் கூடக்கூட எழுத்தைக் குறைத்துக்கொண்டே போவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், 25 பெயர் வந்த நாளில் யாராலும் படிக்க முடியாது. எழுத்தை நிலையாக வைத்து மற்றதை மாற்றுங்கள். பெயர் எண்ணிக்கையைப் பொறுத்து ‘என்கால்ஸ்’ கூடட்டும், படத்தின் உயரம் கூடட்டும். அகலத்தை மட்டும் தொட வேண்டாம், காரணம் மேலே இருக்கிறது.

துல்லியமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஃபிக்.கேன்வாஸ்.டிரா() அழைத்த பிறகு லெஜண்டின் கெட்_விண்டோ_எக்ஸ்டென்ட்() பெட்டியின் அளவைப் பிக்சலில் தரும். படத்தின் அளவோடு ஒப்பிட்டு, அப்படியும் மீறினால் மட்டும் கடைசி வழியாக ஒவ்வொரு பாயிண்டாகக் குறைக்கலாம், 7-ல் நிறுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெரிய பத்தை மட்டும் காட்டி மீதியை ‘மற்றவை’ என்று சேர்ப்பது மேல்.

தினமும் வரும் படங்களில் ‘லாக்’ ‘பெஸ்ட்’ என்று விடவும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் பெட்டி வேறு மூலையில் போய் உட்காரும், தரவு அதிகமானால் இடம் தேடவே நேரம் எடுக்கும். ஒரே பக்கத்தில் நான்கு வரைபடம் வந்து நான்கிலும் அதே பெயர்கள் என்றால், ஃபிக்.லெஜண்டில் ஒரே ஒரு முறை போடுங்கள், 3.7-லிருந்து ‘அவுட்சைட் லோயர் சென்டர்’ என்று இடம் சொன்னால், கன்ஸ்ட்ரெய்ண்ட் லேஅவுட் அதற்கும் இடம் ஒதுக்கும்.

லெஜண்டே வேண்டாம், கோட்டு மேலேயே பெயர் எழுதுன்னு எங்க கைடு சொல்றார். சரியா?

நான்கைந்து கோடு வரை அவர் சொல்வதே சரி. கோட்டின் கடைசிப் புள்ளியில் ஆக்ஸ்.அனோடேட் கொண்டு, கோட்டின் நிறத்திலேயே பெயரை எழுதுங்கள். ‘எக்ஸ்ஒய்டெக்ஸ்ட்’ (4, 0), ‘டெக்ஸ்ட்கோஆர்ட்ஸ்’ ‘ஆஃப்செட் பாயிண்ட்ஸ்’ என்று வைத்தால் கோட்டை ஒட்டாமல் 4 பாயிண்ட் தள்ளி நிற்கும். இரண்டு கோடு ஒரே இடத்தில் முடிந்தால் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அதைக் கையால் விலக்க வேண்டும். தானியங்கிப் படங்களில் அந்தக் கை இருக்காது என்பதால் அங்கே லெஜண்டையே வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி வரைபடத்துக்கும் லெஜண்டே வசதி.